காது குத்தாத காதுகுத்து விருந்து

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவின் நல்ல குணங்களை எல்லாம் எழுது என்றார் அப்பா. எழுத உட்கார்ந்தால் அம்மா காத்திருந்த விதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. காத்திருப்பு என்றாலே எனக்கு ஆகாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். சிரிக்காமல் வாசியுங்கள்.

அம்மா பிறந்தது குருவிகுளம் பக்கத்தில், வானம் பார்த்த கரிசல் காட்டு ஊரில். சின்ன வயதிலேயே தாயை இழந்து, கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் மாமா. அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்ட அன்று, மாமா பஸ்ஸின் பின்னாலேயே ஓடி வந்தாராம்.

அப்பா பாத்திரக்கடை வைத்து, சொந்த வீடும் கட்டினார். பால்காய்ப்புக்கு மாமாவை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைத்திருக்க வேண்டும். கடையில் கல்யாண சீசன் கூட்டம். அப்பா அழைப்பிதழைக் குருவிகுளம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்! "பார்சலா போட்டு அனுப்புதாவ? நான் அக்கா தம்பியா, இல்ல கடைக்கு வார சரக்கா?" என்று மாமா அன்றோடு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா போய் மன்னிப்புக் கேட்டும் மசியவில்லை.

எனக்கு மூன்று வயதானபோது காதுகுத்து வைத்தார்கள். இந்தத் தடவை அப்பாவும் அம்மாவும் தட்டோடு நேரில் போனார்கள். மாமா தட்டை வாங்கிக்கொண்டார், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

குலதெய்வக் கோவிலில் பந்தல் போட்டாயிற்று, கிடா வெட்டியாயிற்று, ஆசாரியும் தங்கக் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனை மட்டும் காணவில்லை. பெரியப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "யார் மடியில உக்காந்தாலும் காதுல ஓட்டை விழும்லா. நேரம் போகுது, பிள்ளைய எங்கிட்ட குடும்மா" என்றார்.

"இல்ல அத்தான். மடியில வைக்க அவன் இருக்கான். என்னைக்கானாலும் வருவான். நீங்க எல்லாரும் சாப்பிட உக்காருங்க" என்றார்கள் அம்மா.

எல்லோரும் சாப்பிட்டார்கள். என் காது மட்டும் குத்தப்படவில்லை. அந்த விருந்தை இன்றும் சொல்லிக் கேலி செய்கிறவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறீர்கள்.

கம்மல் இல்லாத காதோடு பள்ளிக்கூடம் போவது லேசான காரியமா? நான் வீட்டுக்கு வந்து பையை எறிந்து சண்டை போடுவேன். அம்மா எங்கள் ஊர்க் கோவில் அம்பாளைச் சாட்சிக்கு இழுத்து நிதானமாகச் சொல்வார்கள்: "கோமதியம்மா ஒத்தக் கால்ல நின்னுல்லா காத்துக் கெடந்தா. நான் ரெண்டு காலையும் ஊனித்தான நிக்கேன்." அம்மாவுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீடுகளுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி வந்து இறங்கும்போது அடுக்களைக்குள் போய் அழுவார்கள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கோமதியம்மன் படத்துக்கு விளக்கேற்றுவார்கள். "நான் கேட்டாச்சு. எப்பங்கது அவ பாடு" என்பார்கள்.

மாமா ஆண்டுதோறும் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்பாளின் தவத்துக்கு இரங்கி சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில், விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சப்பரத்தை நோக்கி எறிவது வழக்கம். தெற்கு ரத வீதியில் மாமாவின் கண்ணில் படும்படி அம்மா ஒரே இடத்தில் நிற்பார்கள். மாமா பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, முந்தைய பருவத்தில் மழை பொய்த்திருந்தது. காட்சி நேரத்தில் சுற்றிலும் எல்லோரும் எறிய, மாமா வெறுங்கையோடு தலைகுனிந்து நின்றார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனார்கள். விவசாயி மகள் அல்லவா, கடையில் வாங்கியாவது ஒரு பை வற்றல் கொண்டுவருவது அவர்கள் பழக்கம்.

"ஏலே, வெறுங்கையோட நிக்காத. இந்தா, நீயும் போடு."

"இது என் காட்டுல வெளஞ்சது இல்லக்கா."

"நீ நான் வளத்தவன்தானல. போடு."

மாமா இரண்டு கையாலும் அள்ளி எறிந்தார். வற்றல் நெடியில் மூன்று பேரும் இருமினோம், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் மாமா என் காதைப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னுமா குத்தல?"

"நீ வரலையேல."

ஆவணியில் எனக்குக் காது குத்தினார்கள். மாமாவின் மடி கொள்ளாமல் என் கால்கள் தரையில் கிடந்தன. என்னைவிட மாமாதான் அதிகம் அழுதார். கடவுள் தாமதித்தாலும் மறப்பதில்லை என்பதை அன்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அதன் பிறகு ஒரு பொங்கல்படியும் தவறவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் மாமா எங்கள் வீட்டிலேயே தங்கி, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். உயிர் பிரிந்தபோதும் பக்கத்தில்தான் இருந்தார். உடம்பில் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைச் சங்கரன்கோவில் கடையிலேயே வாங்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். "பொறந்த வீட்டு வாசல்ல இருந்துதான் எங்க அக்காவுக்குச் சேலை வரணும்" என்று மாமா பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எடுக்க நேரமாகிறது என்றார்கள். எனக்குப் பதற்றமே வரவில்லை. மாமா தட்டில் சேலையோடு வந்து, அக்காவுக்குத் தன் கையாலேயே போர்த்திய பிறகுதான் தூக்கினோம்.

நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து தந்த தெருக்காரர்களுக்கும், எங்கள் கடையை மூன்று மாதம் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவை எடுத்த அன்று ஒருவர்கூட எழுந்து போகாமல், நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, மாமா வரும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிடாமல் யாரும் போய்விடாதீர்கள். இலை போட்டாயிற்று. பந்தி விசாரிப்பது எங்கள் மாமா.