சர்க்கார் பூட்ஸுக்கு அடங்காத கால்

ஜாவாவின் மகெலாங் ஊரில் இன்று இரண்டு பூட்ஸ் கடைகளுக்கு நான் முதலாளி. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது ஒன்றரை வருஷம்தான். ஆனால் ஒரு காலைப் பார்த்தால் அது எத்தனை மலை ஏறியது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் முதன்முதலில் தைத்த ஜோடி ஒரு மைல்கூட நடக்கவில்லை. அது வோங்சோ அண்ணனுக்குத் தைத்தது.

டச்சுக்காரன் பட்டாளத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வேறு தீவுகளிலிருந்து வந்த அம்போன்காரனுக்குப் பூட்ஸ் உண்டு, மெனாடோகாரனுக்கு உண்டு. ஜாவாக்காரர்களான எங்களுக்கு வெறுங்கால்தான். ஆச்சே மாகாணத்துக் காடுகளில் பன்னிரண்டு வருஷம் நடந்து நடந்து, வோங்சோவின் விரல்கள் விசிறியாக விரிந்து, பாதம் முறமாகிவிட்டது.

திடீரென்று ஒருநாள், இனி எல்லோருக்கும் பூட்ஸ் என்று உத்தரவு. அதே மாதம் அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. மறுபடி சேர, பூட்ஸ் போட்டு இருபது கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். தவறினால் பாளையத்தில் இடமில்லை. துணித்திரை போட்ட அந்த மரக்கட்டில்தான் அவருக்கும் மனைவி துகினாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வீடு.

“என்னண்ணே, பூட்ஸை ஆட்டுக்குட்டி மாதிரி மடியில வச்சிருக்க?”

“இருக்கிறதுலயே பெருசுடா இது. பாதி கால்கூட நுழையல.”

திரைக்குள்ளிருந்து துகினா சொன்னாள்: “வாத்துக்குக்கூட இவரைவிட ஒடுக்கமான காலு!”

நான் கத்தியை எடுத்தேன். பூட்ஸின் பக்கங்களைப் பிரித்து, எருமைத்தோல் சேர்த்து, ஒன்பது நாள் தைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

நடைக்குக் கிளம்பும் காலையில் சார்ஜண்ட் குனிந்து பார்த்தார்.

“சர்க்கார் பூட்ஸை எவன்டா வெட்டினது?”

“நடந்து காட்டுறேன், துவான்,” என்றார் வோங்சோ மரியாதையாக.

“இந்த மாதிரி பூட்ஸ் பட்டியல்லயே இல்ல. கழட்டு.”

“அப்போ வெறுங்காலோட நடக்கிறேன், துவான். ஆச்சேயில அப்படித்தானே நடந்தேன்?”

“வெறுங்கால் இப்ப சட்டவிரோதம்.”

பன்னிரண்டு வருஷம் சட்டமாக இருந்தது, ஒரே மாதத்தில் குற்றம்! என் தையலில் ஒரு நூல் குறை சொல்லட்டும் பார்ப்போம். முடியாது. ஆனால் நான் அதை வெட்டியது சார்ஜண்ட்டுக்குச் சாக்காகிவிட்டதே என்று நினைத்தால் இன்றும் ஊசி கையில் ஏறுகிறது.

துகினா திரையை அவிழ்த்து மடித்தாள். சர்க்கார் சொத்து என்று பூட்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வோங்சோ பாளைய வாசலைத் தாண்டிப் போனது வெறுங்காலோடுதான். அதை மட்டும் எவனும் தடுக்கவில்லை.