‘எட்னி’ என்றொரு சொல் கிடையாது

போலந்தின் ஸ்ட்ஷெகோம் ஊரில் ஸிக்முந்தின் கல் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக எழுத்து வெட்டுகிறவள் யூலிட்டா. கல்லறைக் கல்லில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உளியை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவாள்.

“செத்தவனா எந்திரிச்சு வந்து படிக்கப்போறான்?” என்று முதலாளி கேலி செய்வார்.

“அவன் பொண்டாட்டி படிப்பா” என்பாள்.

அந்த மே மாதம் ஊர்த் தீயணைப்புப் படைக்கு ஐம்பது வயது நிறைந்தது. நகராட்சி அதிகாரி ஒல்கெர்ட், நினைவுக் கல்லுக்கான வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பார்த்த மாத்திரத்தில் யூலிட்டாவுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது.

‘ஐம்பதாண்டு’ என்பதற்குப் போலிஷ் சொல் ‘பியெஞ்ஜெஷெஞ்சோலெட்னி’. ‘லெட்னி’க்கு முன்னால் இருப்பதெல்லாம் ஐம்பது, ‘லெட்னி’தான் ஆண்டு. வரியில் அடங்காததால், மேல்வரியில் ‘பியெஞ்ஜெஷெஞ்சோல்’ என்றும் கீழே ‘எட்னி உழைப்பு’ என்றும் அதை முறித்துப் போட்டிருந்தார்.

“எட்னின்னா என்ன, பான் ஒல்கெர்ட்? எந்த ஊர்ச் சொல்லு அது?” கோபத்திலும் ‘பான்’ என்ற மரியாதையை அவள் விடவில்லை.

“தெரிஞ்சுதான் செஞ்சேன், பானி யூலிட்டா. ‘லெட்னி’ தனியா நின்னா வெதுவெதுப்புன்னும் அர்த்தம் வருதே. தீயணைக்கிறவங்களோட வெதுவெதுப்பான உழைப்புன்னு ஊரே சிரிக்காதா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. முதல் அசையான ‘ஐந்து’க்குப் பிறகு முறித்துப் பார்த்தாள். கீழே ‘பத்தாண்டு உழைப்பு’ என்று நின்றது. நாற்பது வருடம் காணாமல் போயிற்று.

“அப்ப முறிக்கவே வேணாம். எழுத்தைச் சின்னதாக்கி ஒரே வரியில வெட்டுறேன்.”

“எழுத்தோட அளவுக்கு விழாக் கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு. வரைஞ்சதை வெட்டுங்க. யோசிக்கிறது உங்க வேலை இல்ல.”

மூன்று நாள் யூலிட்டா கல்லோடு மல்லுக்கட்டினாள். அடித்த அடியில் ஒரு உளி முனை தெறித்துப் போனது. நான்காம் நாள் கல் தயார். முழுச் சொல்லும் ஒரே வரியில், சிறிய எழுத்தில்.

ஒல்கெர்ட் வந்து குதித்தார். “இதை நான் வாங்கமாட்டேன்! யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“போலிஷ் மொழியைக் கேட்டேன். நீங்க கேக்கலையே!”

கல்லை ஏற்ற வந்திருந்த தீயணைப்புப் படைத்தலைவர் கெர்வாஸி குனிந்து, வாய்விட்டுப் படித்தார். ஆறு அசையும் தடுக்காமல் வந்தன.

“நல்லாத்தானே இருக்கு. தூக்குங்கப்பா” என்றார்.

கல் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு நகராட்சி வேலை எதுவும் பட்டறைப் பக்கம் வரவில்லை. ஸிக்முந்த் ஒரு மாதம் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

திறப்பு விழாவில் ஒல்கெர்ட் மைக்கைப் பிடித்து, “இந்த எழுத்தமைப்பு எங்க அலுவலகத்தோட கவனமான உழைப்பு” என்றார்.

“புளுகன்!” என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து யூலிட்டா கத்தினாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் பாண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது.