புவியியலுக்கு எதிரே அளவையியல்

எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்தப் பாடம் என்று பாடசாலை நேரசூசி போட இப்போது கணினியில் மென்பொருள் வந்துவிட்டது. எந்தப் பிள்ளை எந்தக் குழு என்றுதான் அது முதலில் கேட்குமாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் நேரசூசி போட்டபோது அப்படிக் கேட்க மென்பொருளும் இருக்கவில்லை, கேட்கவேண்டும் என்ற புத்தி எனக்கும் இருக்கவில்லை.

அந்த வேலை என் தலையில் விழுந்ததற்கு என் வாய்தான் காரணம். ஒரு வருடம் ஒரே நாளில் எனக்கு ஏழு பாடவேளை வந்துவிட்டது. அதிபரிடம் போய்க் கத்தினேன். மனுசன் கோபிக்கவேயில்லை. "அப்ப நீரே போடுமன் மாஸ்டர்" என்று பழைய தாள்களையெல்லாம் தூக்கி என் கையில் தந்துவிட்டார்.

மட்டைக்குத் தட்டுப்பாடு. பழைய கலண்டர்களைப் புரட்டி ஒட்டி, பின்பக்கத்தில் கோடு அடித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு துண்டு வெட்டி, ஆசிரியரின் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, குண்டூசியால் குத்தினேன். ஒரு ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்கக்கூடாது என்பதில் மட்டும் படு கவனம். ஆசிரியருக்கு இடிபட்டால் நேரே சண்டைக்கு வருவார். பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்க நான் யாரையும் கேட்கவில்லை, வழக்கப்படி பிரித்தேன். எங்கள் உயர்தரக் கலைப்பிரிவில் எல்லாரும் தமிழ், பொருளியல், இந்து நாகரிகம் படிப்பார்கள். நாலாவது பாடம் புவியியல் அல்லது அளவையியல் என்கிற தர்க்கம். அதனால் அந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் எதிரெதிரே போட்டுவிடுவோம். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. காலங்காலமாக அப்படித்தான்.

காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்தபின் எங்கள் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. வந்த பிள்ளைகளை வாங்கில் நெருக்கி இருத்தினோம். அவர்களின் பெயரை இடாப்பில் எழுதினோம். எத்தனை பேர் என்று எண்ணினேனே தவிர, யார் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

ஒருநாள் புவியியல் மாஸ்டர் முறைப்பாட்டோடு வந்தார். கரவெட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர். "உம்மடை வகுப்பிலை ஒரு பெட்டை ஒருநாள் வாறாள், ஒருநாள் வாறாளில்லை. என்னெண்டு கேளும்." ஆளைப் பார்த்தேன். பழைய பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டியோடு பின்வாங்கில் இருக்கும், சத்தமில்லாத பிள்ளை. தகப்பன் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இப்போது வேலையில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பள்ளிக்கூடமெண்டா சந்தையே? நினைச்ச நேரம் வந்து போறதுக்கு?"

முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் அவள் இரண்டு கொப்பிகளோடு என்னிடம் வந்தாள். ஒன்று புவியியல், மற்றது அளவையியல். இரண்டிலும் ஒன்றுவிட்டு ஒரு பாடந்தான் இருந்தது.

"எங்கடை பள்ளிக்கூடத்திலை இந்து நாகரிகத்துக்குப் பதிலா இரண்டும் படிக்கலாம் சேர். ஒரு வருஷம் படிச்சிட்டன். இஞ்சை இரண்டும் ஒரே நேரம். ஒருநாள் அங்கை, ஒருநாள் இஞ்சை போறன்."

"ஏன் சொல்லேல்லை?"

"இருக்க இடம் தந்ததே பெரிசு சேர்."

பிழை என்னுடையது என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா கிடக்குமா? "வருஷ நடுவிலை ஒரு பிள்ளைக்காக நேரசூசியை மாத்தேலாது. ஒண்டை விடும்" என்றேன்.

"எதை விடுறது சேர்?"

"அதை நீர்தான் யோசிக்கோணும்."

அடுத்த நாள் அளவையியல் ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். "உந்தப் பிள்ளை பாதி நாள் வந்தே வகுப்பிலை முதலாவதா நிக்குது. நாலு பாடமும் சரிவந்தா கட்டாயம் கம்பஸ் போகும்." அந்த வீட்டில் அதுவரை யாரும் பல்கலைக்கழக வாசல் மிதித்ததில்லையாம். அவளுக்குச் சொல்லாமலே நேரசூசியை மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டு சனிக்கிழமை ஆசிரியர் அறை நிலத்தில் கலண்டரை விரித்துவைத்து மாரடித்தேன். புவியியலை ஒரு கட்டம் நகர்த்தினால் எட்டாம் வகுப்புக் கணிதம் இடித்தது. அதை எடுத்தால் சங்கீதம் இடித்தது. கடைசியில் புவியியல் மாஸ்டர் மூன்று நாள் முதலாம் பாடவேளைக்கே வந்தால் சரி என்று வந்தது. முதலாம் பாடவேளை வேண்டாம் என்று எழுதியே தந்தவர் அவர். போய்க் கெஞ்சினேன். "ஒரு பிள்ளைக்கோ?" என்று கேட்டார். பிறகு, "சரி, வாறன். காலமையிலை சைக்கிளுக்குக் காத்துத்தான் எதிர்க்காத்து" என்றார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு சேர்" என்றவள், "ஆனா சோதினை விண்ணப்பம் போன கிழமை போயிட்டுது. அளவையியலை விட்டிட்டு இந்து நாகரிகம் போட்டனான்" என்றாள்.

"ஆரைக் கேட்டுப் போட்டனீர்?"

"நீங்கள்தானே சேர் ஒண்டை விடச் சொன்னனீங்கள். ஃபோமிலை கையெழுத்தும் வைச்சனீங்கள்."

அதிபரிடம் ஓடினேன். அலுவலகப் பிரதியை எடுத்துக் காட்டினார். வகுப்பாசிரியர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கட்டோடு வந்ததை வாசிக்காமலே வைத்திருக்கிறேன். மாற்ற வழியில்லையா என்று கேட்டேன். "இந்தச் சண்டைக்குள்ளை கடிதம் கொழும்பிலை பரீட்சைத் திணைக்களத்துக்குப் போய்ச் சேரவே எத்தினை மாசமோ? அதுக்குள்ளை சோதினை முடிஞ்சிடும் மாஸ்டர்."

அவள் வெளியே நின்றாள். சொன்னேன். "பரவாயில்லை சேர். இந்த நேரசூசி எங்கடை ஊர்ப்பக்கத்திலையிருந்து அடுத்த வருஷம் வாற பிள்ளையளுக்கு உதவும்" என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகத்தான் சொன்னாள்.

முடிவு வந்தது. மூன்று பாடம் நல்ல சித்தி. ஐந்து மாதம் மட்டும் படித்த இந்து நாகரிகத்தில் விழுந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை. முடிவுத் தாளின் முன்னால் இரண்டு பேரும் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்திமார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற காலமில்லை அது. இப்போது கேட்கலாம் என்றால் அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.