வெள்ளத்தின் நடுவே நீலாம்பரி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்து நாலாம் நாள். சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் மத்தியான பஸ்ஸில் நானும் என் மனைவியும் ஏறினோம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டில் வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு, புது வேட்டியும் புது மோதிரமுமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்!

பெட்ரோலுக்குப் பஞ்சம். அதனால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நான் ஆறடி ஆள். பத்து வயதிலிருந்து கிணற்றில் குதித்து நீந்தியவன். தள்ளச் சொன்னபோதெல்லாம் முதல் ஆளாக இறங்கினேன். புது மனைவி பார்க்கிறாளே!

எங்களுக்கு எதிர் பெஞ்சில் ஒரு நாயனக்காரரும் ஒரு தவில்காரரும் இருந்தார்கள். நாதஸ்வரத்தை எங்கள் பக்கத்தில் நாயனம் என்றுதான் சொல்லுவோம். ஏதோ கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறார்களாம். நாயனக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. துணி உறையில் போட்ட நாயனத்தை மடியில் சாய்வாக வைத்திருந்தார். அதன் நுனி என் முழங்காலில் இடித்தது. "அதைக் கொஞ்சம் நகத்தி வைய்யா" என்றேன். என் அப்பா வயசுக்காரரை அப்படித்தான் பேசினேன். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. சங்கீதமும் எனக்குத் தெரியாது. தாலி கட்டும்போது போடுகிற சத்தம், அவ்வளவுதான் நாயனத்தைப் பற்றி எனக்கிருந்த ஞானம்.

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சேர்வராயன் மலையில் முதல் நாளே கொட்டியிருக்க வேண்டும். திருமணிமுத்தாற்றுத் தரைப்பாலத்துக்கு வந்தபோது தண்ணீர் பாலத்தின் மேல் கணுக்கால் உயரத்துக்கு ஓடியது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். "போயிரலாமுங்க" என்று நாங்கள்தான் அவரை அவசரப்படுத்தினோம்.

பாதிப் பாலம் போனோம். வலது பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் செந்நிறத்தில் ஒரு சுவர் மாதிரி வெள்ளம் வருகிறது! கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் சக்கரத்துக்கு மேலே ஏறிவிட்டது. பின்னால் கரிப்பீப்பாயில் தண்ணீர் புகுந்து, புஸ்ஸென்று பெரிய சத்தத்தோடு நெருப்பு அணைந்தது. இன்ஜின் நின்றது. வெள்ளம் வண்டியை அப்படியே பக்கவாட்டில் தள்ளியது. இடது பக்கச் சக்கரங்கள் பாலத்தை விட்டு இறங்கின. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் நட்டிருந்த ஒரு குத்துக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒற்றைக் கல்தான் எங்கள் நாற்பது பேரையும் தாங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு வாசல் இடது பக்கம்தான். அலறல் கிளம்பியது. முதலில் எழுந்து வாசலுக்குப் பாய்ந்தவன் யார் தெரியுமா? நான்தான்!

இதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு நீந்தத் தெரியும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. பக்கத்தில் மனைவி இருந்தாள் என்பதும் இல்லை. "ஏனுங்க... ஏனுங்க..." என்று பின்னால் அவள் குரல் கேட்டது. நான் ஒரு கிழவர் காலை மிதித்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். எல்லாருடைய பாரமும் இடது பக்கம் விழுந்ததும் வண்டி கிறீச்சென்று இன்னும் சாய்ந்தது. படிக்கட்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஆரும் வாசலுக்கு வராதீங்க! வண்டி கவுந்துரும்! வலது பக்கம் போங்க!" என்று டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார். யாருக்குக் காது கேட்டது? குழந்தைகள் வீறிட, பெண்கள் சாமி பேர்களைச் சொல்லி அழ, கூச்சல்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது!

ஒரு பஸ்ஸுக்குள் நாயனம் ஊதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாயனக்காரர் ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினார். காது கிழிந்தது. அத்தனை பேரும் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தோம். கூச்சல் ஓய்ந்து, அவர் மூச்சு வாங்கிய அந்த ஒரு நொடியில் டிரைவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை மெதுவாக: "வலது பக்கம் வந்து உக்காருங்க. ஒருத்தர் ஒருத்தரா."

நாயனக்காரர் அதோடு நிறுத்தவில்லை. உச்சத்திலிருந்து இறங்கி, மிக மெல்ல ஒரு ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். தவில்காரர் பழக்கத்தில் கையைத் தூக்கினார். இவர் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். தாளமே இல்லை. ஒரு தாய் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அந்த ஓசை போய்ப் போய் வந்தது. நான் வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். என் கை தானாகக் கம்பியை விட்டது. இரைத்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. அவர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கேதான் நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம் என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒவ்வொருவராக வலது பக்கம் நகர்ந்தார்கள்; நானும் திரும்பிப் போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவளோ என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கால் மணி, அரை மணி ஆயிற்று. தண்ணீர் பெஞ்சுக்கால் வரை வந்தது. ஒருவரும் அசையவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், வீறிட்டு அழுத குழந்தைகளில் இரண்டு தூங்கியே போய்விட்டன!

இன்னொன்று நடந்தது. அந்த மழையில் கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் கூச்சலை வெள்ளத்தின் இரைச்சல் விழுங்கிவிட்டது. ஆனால் நாயனம் போய்ச் சேர்ந்துவிட்டது! வயலோரக் காட்டுச்சாளைக் குடிசைகளில் ஒதுங்கியிருந்த குடியானவர்கள், "என்றா இது, ஆத்துக்குள்ள நாயனம் கேக்குது! சாமி ஊர்வலத்தையே வெள்ளம் இழுத்துட்டுப் போவுதாட்ட இருக்குது!" என்று அடித்துப்பிடித்து ஓடிவந்தார்களாம். வந்து பார்த்தால் பஸ்!

உடனே ஓடிப்போய், மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணறுகளிலிருந்து வடக்கயிறுகளை அவிழ்த்து வந்தார்கள். ஒரு முனையைக் கரைப் புளியமரத்தில் கட்டினார்கள். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நாலு பேர் மார்பளவு தண்ணீரில் பாலத்தைத் தடவித் தடவி வந்து, வண்டியின் வலது பக்கத்தில் இறுக்கிக் கட்டினார்கள். ஜன்னல்களுக்குக் கண்ணாடியும் கம்பியும் கிடையாது, கித்தான் துணித் திரைதான். அந்த வழியாகக் குழந்தைகளையும் பெண்களையும் ஒவ்வொருவராக இறக்கி, கயிற்றைப் பிடித்தபடி கரை சேர்த்தார்கள்.

நானும் எழுந்தேன். டிரைவர் என் தோளை அழுத்தினார். "நீங்க நல்ல கனமுங்க. ஆளு எறங்க எறங்க வண்டி லேசாயிரும். கடைசி வரைக்கும் வலது பக்கத்துல உக்காந்துக்கோங்க."

உட்கார்ந்தேன். மனைவி ஜன்னலில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கடைசியில் நான், டிரைவர், தவில்காரர், நாயனக்காரர் நாலு பேர்தான் மிச்சம். கேட்க ஆளே இல்லாத பஸ்ஸிலும் அவர் ஊதிக்கொண்டே இருந்தார். "போதுமுங்க, வாங்க" என்று நான் அவர் கையைத் தொட்டேன். அப்போதுதான் முதல்முறையாக அவரை 'வாங்க' என்றேன்.

அவரை முதுகில் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தேன். நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் குத்துக்கல் பெயர்ந்தது. வடங்கள் சடசடவென்று அறுந்தன. பஸ் ஒருமுறை புரண்டு, தீப்பெட்டி மாதிரி மிதந்து போனதை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தோம்.

புளியமரத்தடியில் நாயனக்காரர் குந்தியிருந்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமயா சாமி? எனக்கு நீச்சலே தெரியாதுங்க" என்றார். "நானும் கத்தப் பாத்தேன். ஊதற சீவாளி வாயில இருந்தாக் கத்த முடியாதில்லீங்களா? அதுக்குத்தான் நாயனத்தை எடுத்தேன்."

"அது என்ன பாட்டுங்க?"

"நீலாம்பரி ராகமுங்க. கொழந்தைகளத் தூங்க வெக்கறதுக்கு."

அவ்வளவுதான் பேசினார். பேர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. நனைந்த உறையைப் பிழிந்துவிட்டு, தவில்காரரோடு நடந்தே போய்விட்டார். கல்யாணத்துக்கு நேரமாகிறதாம்!

நாங்களும் நடந்தோம். இரண்டு மைல் போயிருப்போம். என்னால் தாங்க முடியவில்லை. "உன்னை உட்டுப்போட்டு ஓடிட்டேன்" என்றேன்.

"நீங்க ஓடுனதையும் பாத்தேனுங்க. திரும்பி வந்து உக்காந்ததையும் பாத்தேனுங்க" என்றாள். அதற்குப் பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மனசு ஓய்வதற்கு நீலாம்பரியைப் போல ஒரு ராகம் கிடையாது என்கிறார்கள். கோயிலிலோ கச்சேரியிலோ அதை யாராவது எடுத்தால் சுற்றியிருப்பவர்கள் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, என் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.