வாசலில் நின்ற நாலு வரி

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் கைக்கு வந்த அன்று எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. பதினாறு வரிக் கவிதை கொடுத்திருந்தேன். பன்னிரண்டு வரியோடு நிற்கிறது. கீழே அப்பள விளம்பரம்!

நான் தாராவியில் தோல் பைப் பட்டறையில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். கவிதை வேலையும் அங்கேதான் நடந்தது. தோலை வெட்டும்போது மனசுக்குள் ஒரு வரியை உருட்டிக்கொண்டே இருப்பேன். டீ வந்ததும் பேட்டர்ன் அட்டையின் பின்பக்கம் எழுதிவைப்பேன். எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். யாரும் தரமாட்டார்கள், நாம்தான் திருட வேண்டும்.

அந்தக் கவிதை எங்கள் பட்டறை மும்தாஜைப் பற்றியது. கைப்பிடி தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தான் தைத்த பை ஷோரூமில் எப்படி இருக்கிறது என்று ஆசையாகப் பார்க்கப் போனவளை, வாட்ச்மேன் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டான். அதுதான் கடைசி நாலு வரி. முதலில் எனக்கு வந்ததும் அந்த நாலுதான். பையின் பளபளப்பைச் சொல்லும் மற்ற பன்னிரண்டையும், வாசிப்பவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் எழுதினேன். நாலையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பைக்கு விளம்பரம்.

மாட்டுங்காவில் இருக்கும் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"கடைசி நேரத்துல ஆட் வந்துடுச்சு மாஸ்டர். நாலு வரிதானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மீதியே சூப்பரா இருக்கு."

"எங்க வேணாலும் வெட்டலாம்னா கட்டிங் மாஸ்டர் எதுக்கு சார்?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மும்தாஜுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலரை நீட்டி, "என்னையப் பத்தி எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"இங்கயும் வாசல்லயே நிறுத்திட்டாவளா மாஸ்டர்?"

அடுத்த ஞாயிறு ஆண்டு விழாக் கவியரங்கம். அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதும் என்றார் செயலாளர். அப்படியே வாசித்தேன். பன்னிரண்டாம் வரி முடிந்ததும் அதே குரலில், "மொறுமொறு அப்பளம், இரண்டு பாக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம்" என்று தொடர்ந்தேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளர் பதறி எழுந்துவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு மலரை மூடிவைத்துவிட்டு மனப்பாடமாகச் சொன்னேன்:

தைத்தவள் பார்க்கப் போனாள்.
கண்ணாடிக் கதவருகே
காவலாள் கேட்டான்:
உனக்கு இங்கே என்ன வேலை?

யாரும் கைதட்டவில்லை. பட்டறைப் பெண்களோடு பின்வரிசையில் இருந்த மும்தாஜ், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த வரி போனால் உங்கள் கவிதை செத்துப்போகும் என்று தெரிந்து வைத்திருங்கள். அதற்காகச் சண்டை போட வெட்கப்படாதீர்கள். இப்போதெல்லாம் தாளின் மேலேயே, "முழுதாகப் போடவும், இல்லையேல் திருப்பித் தரவும்" என்று எழுதித்தான் அந்தக் கவிதையைக் கொடுக்கிறேன். இரண்டு மலர்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது. வரட்டும். மும்தாஜை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போகமாட்டேன்.