டக்கு அண்ணன் மாற்றிய பூட்டு

எங்கள் தெருவில் பூட்டு வேலை செய்கிறவரை எல்லோரும் டக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எந்த வேலைக்கு அழைத்தாலும் "டக்குனு முடிச்சிடலாம்" என்பார். பிறகு ஆற அமர உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பென்சிலைச் சீவி, பூட்டு இறுகாமலிருக்க அந்தக் கரித்தூளை உள்ளே ஊதி, பொழுதையே சாய்த்துவிடுவார். நான் எத்தனையோ முறை அவரைத் திட்டியிருக்கிறேன். இன்று எனக்கு ஒரு வீடு இருக்கிறதென்றால் அது அந்த மனிதரால்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். பூட்டு மாற்றினால், அந்த வீட்டில் குடியிருப்பவர் கையில்தான் சாவியைக் கொடுப்பார். அவர்கள் தன் எதிரிலேயே ஒரு தடவை திறந்து மூடிக் காட்ட வேண்டும்.

"கூப்பிட்டவங்ககிட்ட குடுத்துட்டுப் போனா என்னண்ணா?" என்று முன்பொருமுறை கேட்டேன்.

"கூப்பிடறது யாரா வேணா இருக்கலாம்மா. உள்ள தாழ் போட்டுட்டுப் படுக்கறவங்களுக்குத்தானே பூட்டு?"

நான் நர்ஸ். நானும் மகளும் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், கீழே வீட்டுக்காரர். தொற்றுநோய் பரவிய புதிதில் நர்ஸுகளான எங்களுக்காக ஊரே கைதட்டியது. தட்டி முடித்ததும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீட்டுக்காரர் நான் ஏறிய படியை உடனே மருந்து ஊற்றிக் கழுவினார். "வேற இடம் பார்த்துக்கோங்க சிஸ்டர்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். எங்கே பார்ப்பது? ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்ததுமே ஃபோனை வைத்துவிடுகிறார்கள். மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் வார்டில் என்னோடு நின்றவளுக்கு நோய் உறுதியானது. இரண்டு வாரம் வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மாலையில் வீடு வந்தால், மாடிப்படியில் டக்கு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். என் கதவில் புதுப் பூட்டு.

நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியில் சாவிகளை மாட்டி, எட்ட நின்றபடியே நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. நீங்க தனியா இருக்கீங்கன்னு புதுப் பூட்டே போடச் சொல்லிட்டார்."

என்னை உள்ளே விடாமல் செய்யத்தான் இந்தப் பூட்டு. தங்கமான மனுஷன் எதற்காகச் சொல்லியிருப்பார் என்று இந்த அப்பாவிக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் பயத்தில் மாடி ஏறாமல் கீழே இருந்தே வேலையைச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தன் வழக்கப்படி எனக்காக மதியத்திலிருந்து காத்திருக்கிறார். திறந்து மூடிக் காட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

காலையில் விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் குதிகுதியென்று குதித்தார். டக்கு அண்ணனை வரவழைத்துக் கத்தினார். போதாததற்கு, என்னை வெளியேற்றச் சொல்லிப் போலீசையும் அவரே கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு புதிதாக வந்திருந்த அவசர உத்தரவை ஃபோனில் எடுத்து வாசித்தார். நோய் தீரும்வரை வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றக்கூடாது. அவர் உள்ளே வர முடியாதபடி பூட்டை மாற்றுவதும் குற்றம்.

"யாரு சார் பூட்டை மாத்தச் சொன்னது?"

வீட்டுக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். டக்கு அண்ணன்தான் கையைத் தூக்கினார். "மாத்தினது நான்தாங்க."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"மாடியில அந்த அம்மாகிட்ட."

போலீஸ்காரர் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அப்போ குத்தமே நடக்கலையே! குடியிருக்கிறவங்களுக்குப் புதுப் பூட்டு போட்டுக் குடுத்திருக்கீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு."

அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது: தனிமையில் இருக்கும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூடாது. என்னை ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் இரண்டு வாரம் பொறுப்பாரா என்று பயந்துகொண்டிருந்தவள் நான். சட்டம் என்றாலே நம்மைப் பிடிக்க வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யார் எழுதினார்களோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று ஜன்னலோரம் நின்று வாய்விட்டு வாழ்த்தினேன்.

டக்கு அண்ணன் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களை வெளிய தள்ளவாம்மா என்னைக் கூப்பிட்டார்?" என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

நோய் தணிந்தது. மகள் வீட்டுக்கு வந்தாள். ஒருநாள் அந்த உத்தரவும் முடிந்துபோனதாகச் செய்தி வந்தது. இனி என்னை வெளியேற்ற வீட்டுக்காரருக்குத் தடையில்லை. அன்று சாயங்காலமே கதவு தட்டும் சத்தம். திறந்தால், கருவிப் பெட்டியோடு டக்கு அண்ணன்.

"அவர் அனுப்பினாராண்ணா?"

"யாரும் அனுப்பலைம்மா. உத்தரவு முடிஞ்சிடுச்சாமே. இந்தப் பக்கத்துல பூட்டு வேலை பண்றது நாங்க மூணே பேர். மத்த ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன். நீங்க சொல்லாம இந்தப் பூட்டுல எவனும் கை வைக்கமாட்டான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்தார், பென்சிலைச் சீவினார், கரித்தூளை ஊதினார். பிறகு பூட்டிலிருந்த சாவியை எடுத்து என் மகளிடம் நீட்டினார். "பாப்பா, ஒரு தடவை திறந்து மூடிக் காட்டு."

மகள் சாவியைத் திருப்பினாள். பூட்டு டக்கென்று திறந்தது.