பதினைந்து எழுத்தில் ஒரு பிள்ளை

போன செவ்வாய்க்கிழமை நகரசபை ஆபீசுக்குப் போயிருந்தேன். பையன் பிறந்ததை முன்பே பதிந்தாகிவிட்டது. பெயர் மட்டும் பாக்கி.

கிளார்க் ரிஜிஸ்தரைப் பிரித்து, பேனாவை ஒரு உதறு உதறி, "குட்டியுடெ பேரு?" என்றார்.

நான் ரிஜிஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேரு, சாமி... பேரு!"

சொந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிற அப்பாவை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். ஒருவழியாகச் சொன்னேன் — அபராஜிததிரிவிக்ரமசேஷசாயி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாமி, இது ஒராளோ, மூணாளோ?"

ஒரே ஆள்தான். எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தேன். பெயர் தன் கட்டத்தைத் தாண்டி, அடுத்த கட்டத்துக்குள் பாதி தூரம் போய் நின்றது.

ஏன் இப்படி ஒரு பெயர்? அதையாவது சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன் ஏன் அத்தனை தயக்கம்? அதற்குத்தான் பத்திரிகையில் என் இந்த வாரப் பத்தி முழுக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் நாராயணன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் மட்டும் மூன்று நாராயணன்கள். கிருஷ்ணன்கள் ஆறு பேர். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும். வேடிக்கையாகத்தான் இருந்தது — அந்தத் தந்தி வரும்வரை.

இரண்டு வருஷம் முன்பு, ஆனி மாதம், பாலக்காட்டில் அப்பா படுக்கையில் விழுந்தார். 'அப்பா சீரியஸ். உடனே புறப்படு' என்று தந்தி. அட்ரஸில் பெயரும் சந்தும்தான். அந்த அவசரத்தில் யாருக்கு வீட்டு நம்பர் ஞாபகம் வரும்? அது நாலு வீடு தள்ளி, கயிறு ஏஜெண்ட் நாராயணன் வீட்டுக் கதவிடுக்கில் போய் விழுந்தது. அவர் குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். தந்தியும் கையுமாக அவர் வாசலில் நிற்கிறார்.

"எங்கப்பா போயி பத்து வருஷமாச்சே ஓய். அப்போ இது யாருக்கு?"

எனக்குத்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், கொள்ளி வைத்திருந்தார். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றடியில் வாளியை வைத்து, "ஸ்நானம் பண்ணிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

யாரைக் குறை சொல்ல? தந்தி கொடுத்தவரையா, கொண்டுவந்தவரையா? எனக்கு அகப்பட்டது என் பெயர் ஒன்றுதான்.

போன வருஷக் கடைசியில் கமலம் பிள்ளைத்தாச்சியானாள். அன்றே தீர்மானம் செய்துவிட்டேன் — பிள்ளை பிறந்தால் இந்த ஊரில், ஏன், இந்த உலகத்திலேயே வேறு யாருக்கும் இல்லாத பெயர். நாலு மாதம் அலைந்து சேர்த்தேன். ஒரு பெயர் போதாது என்று மூன்றை ஒட்டினேன். எண்ணிப் பார்த்தால் பதினைந்து எழுத்து.

நான் வேலை பார்க்கும் மிளகு மண்டியில் எங்கள் முதலாளி குஜராத்தி சேட்டிடம் சொல்லிப் பார்த்தேன். 'அபராஜித' வரை வந்தார். "பஸ், பஸ்" — போதும், போதும் — என்று கையைக் காட்டிவிட்டார். நல்லது, இவ்வளவு கஷ்டமான பெயரை வேறு எவன் வைப்பான்?

கமலம் மட்டும், "கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள குழந்தை படகேறி அக்கரை வைப்பினுக்கே போயிடுமே" என்றாள். ஆனால் தடுக்கவில்லை. தந்தி வந்த அன்று நான் அழுததைப் பார்த்தவள் அவள்.

பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கிற புண்ணியாகவாசனத்துக்கு முதல்நாள் அக்கா பாலக்காட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா பேர்தானேடா?"

எங்களில் முதல் பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான். அப்பாவின் பெயர் கிருஷ்ணன்.

"இல்லேக்கா. வேற பேர் வெச்சிருக்கேன்" என்று பெயரைச் சொன்னேன்.

அக்கா பெட்டியை வைத்தாள். "அப்பாவுக்குக் கொள்ளி வெக்க வரலை. அது உன் தப்பில்லே. பேரையும் வெக்க மாட்டேன்னா அது யார் தப்பு?"

"சந்துல ஏற்கெனவே ஆறு கிருஷ்ணன் இருக்காக்கா. என் பேருக்கு வந்த கதி இவனுக்கும் வரணுமா? நாராயணன்னு ஒரு பேர் இல்லாம இருந்திருந்தா அன்னிக்கு நான் வந்திருப்பேன்."

அக்கா பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். பிறகு, இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"அந்த ரெண்டு நாளும் அப்பா வேற ஒண்ணுமே பேசலேடா. நாராயணா, நாராயணா... அதேதான். வந்தவாள்லாம் 'என்ன புண்ணியாத்மா, பகவான் நாமத்தோடயே போறார்'னா. அவர் பகவானைக் கூப்பிட்டாரா, உன்னைக் கூப்பிட்டாரா? பக்கத்துலேயே இருந்த எனக்கே தெரியலே. உனக்கு வேற பேரா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். 'பிள்ளையைக் கூப்பிடறார், அவன் வரலே'ன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்."

இரண்டு வருஷம் திட்டு திட்டென்று திட்டிய என் பெயர் — அதுவேதான் என் மானத்தை மூடியும் வைத்திருந்ததா? அப்படியானால் பொதுப் பெயர் நல்லதா, கெட்டதா? அப்பா என்னைக் கூப்பிடவில்லை என்று நம்பினால் நிம்மதி. கூப்பிட்டார் என்று நம்பினால்... அதுவும் ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

மறுநாள் பதினோராம் நாள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பெயரை எழுதச் சொன்னார் வாத்தியார். எழுதினேன். 'சே' வரைக்கும்தான் இடம். வாத்தியார் என்னைப் பார்த்தார். இன்னொரு தாம்பாளம் வந்தது. மீதியை அதில் எழுதினேன். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை.

"இனி குழந்தை காதுல பேரைச் சொல்லுங்கோ. மூணு தடவை."

ஹோமப் புகை தாங்காமல் கமலம் குழந்தையை அக்கா மடியில் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்தேன். துணுக்குக் காது. பால் வாசனை. அபராஜித என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன் — சத்தியமாக.

"கிருஷ்ணன்" என்றேன். மூன்று தடவை.

நிமிர்ந்தபோது அக்காவின் முகம் எதிரிலேயே இருந்தது. அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காதில் விழுந்ததா, இல்லையா? கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது சொல்லுங்கள். அரிசியில் எழுதியது பெயரா, காதில் சொன்னது பெயரா? கிளார்க் முன்னால் நான் விழித்ததில் என்ன ஆச்சரியம்?

அக்கா இரண்டு நாள் இருந்துவிட்டுப் புறப்பட்டாள். ரிக்‌ஷா வந்து நின்றது. தூளியில் குனிந்து, "அத்தை போயிட்டு வரட்டுமா, கிருஷ்ணா?" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ரிக்‌ஷா போனதும் கமலம் கேட்டாள். "அக்கா ஏன் பேரை மாத்திக் கூப்பிட்டா?"

"பிரயாணம் புறப்படறாளோல்லியோ... பகவானைச் சொல்லியிருப்பா" என்றேன்.

கமலம் படித்ததெல்லாம் மலையாளம்தான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இந்தப் பத்தியின் கடைசி வரிக்கு அவள் வந்து சேர எப்படியும் சனிக்கிழமை ஆகிவிடும் — அதற்குள் ஒரு பதிலை யோசித்தாக வேண்டும்.